போடிமெட்டுக்கு எத்தனை எம்.பி.? ராஜ்யசபா உறுப்பினர்கள் தேர்வாவது எப்படி? முழு விளக்கம்

போடிநாயக்கனூரில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எம்.பி. யார் என்று கேட்டால், தேனி தொகுதி எம்.பி. தங்க தமிழ்செல்வன் என்பார்கள். அந்தப் பக்கம் பூப்பாறையில் கேட்டால் இடுக்கி எம்.பி. டீன் குரியகோஸ் என்பார்கள்.

இரண்டுமே சரியான பதில்தான். ஆனால் பாதி பதில். ஏன்னா நாடாளுமன்றத்தில் இரண்டு அவைகள். மக்களவைக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். இன்னொரு அவையான மாநிலங்களவையில், அதாவது ராஜ்யசபாவில், தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அதில் 'போடி எம்.பி.' என்று யாரும் கிடையாது. அப்போ போடிக்கும் ராஜ்யசபாவுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, நினைப்பதைவிட நிறையவே. அது எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ராஜ்யசபாவில் மொத்தம் எத்தனை பேர்?

அரசியலமைப்புச் சட்டத்தின் 80-வது பிரிவுப்படி அதிகபட்சம் 250 பேர் வரை இருக்கலாம். இப்போது இருக்கும் இடங்கள் 245. இதில் 233 பேர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், 12 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்கள்.

எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகையை வைத்து முடிவு செய்யப்பட்டு, அரசியலமைப்பின் நான்காவது அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. சில உதாரணங்கள்:

- உத்தரப்பிரதேசம்: 31
- மகாராஷ்டிரா: 19
- தமிழ்நாடு: 18
- மேற்கு வங்கம், பீகார்: தலா 16
- கர்நாடகா: 12
- ஆந்திரா: 11
- கேரளா: 9
- தெலங்கானா: 7
- புதுச்சேரி: 1

அமெரிக்காவில் மாநிலம் பெரியதோ சிறியதோ, செனட்டில் எல்லோருக்கும் தலா 2 இடம். இங்கே அப்படி இல்லை. சிக்கிமுக்கு 1, உத்தரப்பிரதேசத்துக்கு 31. 'மாநிலங்களின் அவை' என்று பெயர் இருந்தாலும், மாநிலங்களுக்குச் சம எடை கிடையாது என்பது பழைய விவாதம்.

இந்த அவை 1952 ஏப்ரல் 3-ம் தேதி அமைக்கப்பட்டது. முதல் கூட்டம் அதே ஆண்டு மே 13-ல் நடந்தது. 'ராஜ்யசபா' என்ற பெயர் வந்தது 1954 ஆகஸ்ட்டில்தான். அவைத் தலைவர் யார் என்றால், குடியரசு துணைத் தலைவர். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன். 2025 செப்டம்பரில் பதவியேற்றார். அவையை நடத்துபவர் அவர்தான், ஆனால் அவர் அவையின் உறுப்பினர் அல்ல. ஓட்டெடுப்பில் இரு தரப்பும் சமமாக வந்தால் மட்டுமே அவர் ஓட்டுப் போட முடியும்.

எப்போதும் கலையாத அவை

மக்களவைக்கு 5 ஆண்டு. இடையில் கலைக்கவும் முடியும். ராஜ்யசபாவைக் கலைக்கவே முடியாது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் 6 ஆண்டு பதவி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவார்கள்.

தமிழ்நாட்டின் 18 இடங்களும் இதனால் ஆறு ஆறாக மூன்று செட். 2019-ல் தேர்வான 6 பேரின் பதவிக்காலம் 2025 ஜூலையில் முடிந்தது. 2020-ல் தேர்வானவர்களின் காலம் 2026 ஏப்ரல் 2 வரை. 2022-ல் தேர்வானவர்களுக்கு 2028 ஜூன் வரை.

இதன் விளைவு ஒன்று உண்டு. சட்டமன்றத் தேர்தலில் ஆட்சி மாறினாலும் ராஜ்யசபாவில் அது உடனே தெரியாது. பழைய சட்டமன்றம் அனுப்பிய உறுப்பினர்கள், புதிய ஆட்சி வந்த பிறகும் தங்கள் காலம் முடியும்வரை அங்கேயே இருப்பார்கள். டெல்லியில் ஒரே அலையில் எல்லாம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஓட்டுப் போடுவது யார்? போடியின் பங்கு என்ன?

சட்டமன்ற உறுப்பினர்கள், அதாவது எம்.எல்.ஏ.க்கள். போடிநாயக்கனூர் தொகுதி வாக்காளர்கள் சட்டமன்றத் தேர்தலில் பட்டனை அழுத்தும்போது ஒரு எம்.எல்.ஏ.வை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் மூலமாக, அடுத்த 5 ஆண்டுகளில் யார் யார் ராஜ்யசபாவுக்குப் போவார்கள் என்பதிலும் ஒரு கை வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள். அதில் போடியின் பங்கு 1.

சரி, ஜெயிக்க எத்தனை ஓட்டு வேணும்? இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும். கணக்கு இதுதான்:

- ஒவ்வொரு எம்.எல்.ஏ. ஓட்டுக்கும் மதிப்பு 100.
- 234 பேரும் செல்லத்தக்க ஓட்டுப் போட்டால் மொத்த மதிப்பு 23,400.
- காலி இடங்கள் 6 என்றால், அதோடு 1 கூட்டி 7-ஆல் வகுக்க வேண்டும். 3,342 சொச்சம் வரும்.
- சொச்சத்தை விட்டுவிட்டு 1 கூட்டினால் 3,343. இதுதான் வெற்றிக்கான அளவு.
- 33 ஓட்டு என்றால் 3,300 தான், போதாது. ஆக, ஒரு எம்.பி.க்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை.

எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட்டு ஓட்டளிப்பார்கள். ஒருவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த ஓட்டு, அடுத்த விருப்பத்துக்கு மாறிப் போகும். இந்த முறையால்தான் ஆளுங்கட்சி ஆறு இடங்களையும் சுருட்டிக்கொள்ள முடிவதில்லை. 34 எம்.எல்.ஏ.க்கள் இருந்தால் எதிர்க்கட்சிக்கும் ஒரு இடம் உறுதி.

போடிமெட்டு செக்போஸ்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். கேரளாவில் 140 எம்.எல்.ஏ.க்கள், ஒரு சமயத்தில் காலியாவது 3 இடங்கள். 14,000-ஐ 4-ஆல் வகுத்து 1 கூட்டினால் 3,501. அங்கே ஒரு எம்.பி.க்கு 36 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும்.

ரகசிய ஓட்டா?

இல்லை. 2003-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கட்சி எம்.எல்.ஏ. தன் ஓட்டுச் சீட்டைத் தன் கட்சியின் ஏஜென்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். பணத்துக்காகக் கட்சி மாறி ஓட்டுப் போடுவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. மாற்றிப் போட்டால் பதவி போய்விடுமா? போகாது. ராஜ்யசபா தேர்தல் ஓட்டுக்குக் கட்சித்தாவல் தடைச் சட்டம் பொருந்தாது. கட்சி தன் அளவில் நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். 'யாருக்கும் இல்லை' என்ற நோட்டாவும் இதில் கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

பேனா கூட முக்கியம். 2016-ல் ஹரியானா ராஜ்யசபா தேர்தலில், வேறு பேனாவால் குறித்தார்கள் என்பதற்காகவே காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் பலரின் ஓட்டு செல்லாமல் போனது. அதன் பிறகு தேர்தல் ஆணையமே ஊதா நிற ஸ்கெட்ச் பேனா கொடுக்கிறது. அதில்தான் எழுத வேண்டும்.

ஓட்டுப் போடாமலேயே தேர்தல்

இவ்வளவு விதிகள் இருந்தாலும், தமிழ்நாட்டில் ராஜ்யசபா தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டி வைக்கும் நிலை அபூர்வமாகத்தான் வருகிறது. 2013-ல் 6 இடங்களுக்கு 7 பேர் நின்றதால் ஓட்டெடுப்பு நடந்தது. கனிமொழி, டி.ராஜா உள்ளிட்டோர் வென்றார்கள், தே.மு.தி.க. வேட்பாளர் தோற்றார். ஆனால் 2014, 2016, 2019, 2020, 2022, 2025 ஆகிய தேர்தல்களில் எல்லோருமே போட்டியின்றித் தேர்வானவர்கள்தான்.

காரணம் எளிது. 34 எம்.எல்.ஏ. கணக்கு எல்லாக் கட்சிகளுக்கும் முன்னாடியே தெரியும். எத்தனை பேரை ஜெயிக்க வைக்க முடியுமோ அத்தனை பேரைத்தான் நிறுத்துகிறார்கள். சுயேச்சையாக மனு போடுபவர்களுக்கு, முன்மொழிய 10 எம்.எல்.ஏ.க்கள் வேண்டும். அது கிடைக்காமல் மனு தள்ளுபடியாகிவிடும். 2025 ஜூனில் தி.மு.க.வின் பி.வில்சன், எஸ்.ஆர்.சிவலிங்கம், கவிஞர் சல்மா, மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன், அ.தி.மு.க.வின் இன்பதுரை, தனபால் ஆகிய 6 பேரும் அப்படித்தான் தேர்வானார்கள்.

அதாவது, போடி வாக்காளருக்கு நேரடி ஓட்டு இல்லை என்பது ஒரு பக்கம். அவர் அனுப்பிய எம்.எல்.ஏ.வுக்கும் பெரும்பாலும் ஓட்டுப் போடும் வேலை வருவதில்லை என்பது இன்னொரு பக்கம். யார் எம்.பி. என்பது கட்சித் தலைமையும் கூட்டணிப் பேச்சும் முடிக்கிற விஷயமாக ஆகிவிட்டது.

2011, 2016, 2021 என மூன்று தேர்தல்களிலும் போடியில் வென்றவர் ஓ.பன்னீர்செல்வம். 2022 ராஜ்யசபா தேர்தலின்போது அவர் அ.தி.மு.க.வின் ஒருங்கிணைப்பாளர். அந்த முறை கட்சிக்குக் கிடைத்த 2 இடங்களில் ஒன்று சி.வி.சண்முகத்துக்கும், இன்னொன்று ஓ.பி.எஸ். ஆதரவாளராக அறியப்பட்ட ஆர்.தர்மருக்கும் போனது. ஓட்டாகப் பார்த்தால் போடி எம்.எல்.ஏ.வுக்கு 234-ல் ஒன்றுதான். வேட்பாளர் பட்டியலில் இருந்த செல்வாக்கு, அந்த நாற்காலியால் வந்தது அல்ல, கட்சிப் பதவியால் வந்தது.

ராஜ்யசபாவை விட்டு போடிக்கு வந்தவர்

ராஜ்யசபா உறுப்பினர் பதவி பற்றிய ஒரு முக்கியமான விதியைப் புரிந்துகொள்ள போடியை விட நல்ல உதாரணம் கிடையாது.

1984-ல் ஜெயலலிதாவை ராஜ்யசபாவுக்கு அனுப்பினார் எம்.ஜி.ஆர். அவையில் அவருக்கு ஒதுக்கப்பட்டது 185-ம் எண் இருக்கை. 1962-ல் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற பிறகு ராஜ்யசபாவுக்குப் போன அண்ணா உட்கார்ந்த அதே இருக்கை.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாக உடைந்தது. 1989 ஜனவரி 21-ல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா தன் முதல் சட்டமன்றத் தொகுதியாகத் தேர்ந்தெடுத்தது போடிநாயக்கனூரை. தி.மு.க. வேட்பாளரை 28,000-க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

வென்றதும் ஒரு சிக்கல். ஒரே ஆள் எம்.பி.யாகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்க முடியாது. அரசியலமைப்பின் 101-வது பிரிவும், அதையொட்டிய 1950-ம் ஆண்டு விதிகளும் இதைச் சொல்கின்றன. அறிவிப்பு வந்த 14 நாட்களுக்குள் சட்டமன்றப் பதவியை விடவில்லை என்றால், நாடாளுமன்றப் பதவி தானாகவே காலியாகிவிடும். ஜெயலலிதா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஜனவரி 28-ம் தேதியே ராஜ்யசபா பதவியை விட்டார். போடி எம்.எல்.ஏ.வாக, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். அவருடைய 6 ஆண்டு ராஜ்யசபா பதவியில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மிச்சம் இருந்தது.

இப்படி விட்டுவிட்டு வருவது கட்சிக்கு நஷ்டமாகவும் முடியலாம். 2021-ல் அ.தி.மு.க.வின் கே.பி.முனுசாமி வேப்பனஹள்ளியிலும், வைத்திலிங்கம் ஒரத்தநாட்டிலும் எம்.எல்.ஏ. ஆனதால் ராஜ்யசபா பதவியை விட்டார்கள். இடைத்தேர்தலில் ஒவ்வொரு காலி இடத்துக்கும் தனித்தனியாகத் தேர்தல். அங்கே 34 கணக்கு செல்லாது, பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். சட்டமன்றத்தில் பெரும்பான்மை தி.மு.க.விடம். விளைவு, இரண்டு இடங்களுமே தி.மு.க.வுக்குப் போயின.

போடியில் எதிர்த்து நின்றவரும் 'மேலவை'யும்

1989-ல் போடியில் ஜானகி அணி சார்பில் நின்றவர் நடிகை வெண்ணிற ஆடை நிர்மலா. அவர் பெயரும் ஒரு மேலவையோடு சேர்ந்துதான் வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அது ராஜ்யசபா அல்ல, தமிழ்நாட்டின் சட்ட மேலவை.

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. ராஜ்யசபா நாடாளுமன்றத்தின் மேலவை. சட்ட மேலவை என்பது மாநிலச் சட்டமன்றத்துக்கு இருந்த மேலவை, அதன் உறுப்பினர்கள் எம்.எல்.சி.க்கள். 1986-ல் நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க எம்.ஜி.ஆர். அரசு முன்வந்தது. அவரை நீதிமன்றம் கடன் தீர்க்க இயலாதவராக அறிவித்திருந்ததைக் காட்டி வழக்குப் போடப்பட்டது. அப்படி அறிவிக்கப்பட்டு, அதிலிருந்து விடுபடாதவர் எந்தச் சட்ட அவையிலும் உறுப்பினராக முடியாது என்பது விதி. ராஜ்யசபாவுக்கும் இதே விதிதான். அந்த நியமனம் கைகூடவில்லை. அடுத்த சில வாரங்களில் மேலவையையே ஒழிக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் சட்ட மேலவை இல்லை. 2010-ல் தி.மு.க. அரசு திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சியும், 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றுபோனது.

இலங்கையிலும் 1947 முதல் செனட் என்ற மேலவை இருந்தது. 1971-ல் அதை ஒழித்துவிட்டார்கள். மேலவை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியது அல்ல.

அந்த மாநிலத்துக்காரராக இருக்க வேண்டாமா?

ராஜ்யசபா உறுப்பினராக வேண்டுமானால் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். மக்களவைக்கு 25 போதும். முன்பு, எந்த மாநிலத்தின் சார்பில் போகிறாரோ அந்த மாநிலத்தில் வாக்காளராக இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. 2003-ல் அது நீக்கப்பட்டது. இப்போது இந்தியாவில் எங்கே வாக்காளராக இருந்தாலும் போதும். இதை எதிர்த்து மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்குப் போட்டார். திருத்தம் செல்லும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதனால்தான் ப.சிதம்பரம் 2016-ல் மகாராஷ்டிராவில் இருந்து எம்.பி.யாகவும், 2022-ல் தமிழ்நாட்டில் இருந்து எம்.பி.யாகவும் ஆக முடிந்தது. நிர்மலா சீதாராமன் கர்நாடகாவில் இருந்தும், ஜெய்சங்கர் குஜராத்தில் இருந்தும் ராஜ்யசபாவில் இருக்கிறார்கள்.

போடிக்காரர்கள் இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. 12 ஆண்டுக்கு மேல் போடிக்கு ரயில் இல்லை. 2023 ஜூன் 15-ல் போடியில் இருந்து சென்னைக்கு ரயில் கிளம்பியபோது கொடியசைத்தவர் மத்திய இணையமைச்சர் எல்.முருகன். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவர், ஆனால் அவரை ராஜ்யசபாவுக்கு அனுப்பியது மத்தியப் பிரதேச எம்.எல்.ஏ.க்கள்.

தேனி மாவட்டத்தில் இருந்து ஒரு எம்.பி.

நேரடித் தேர்தலும் இல்லாமல், எம்.எல்.ஏ. ஓட்டும் இல்லாமல் வருபவர்கள் 12 பேர். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகிய துறைகளில் சிறந்தவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நடைமுறையில் இது மத்திய அரசின் பரிந்துரை.

2022 ஜூலையில் அப்படி நியமிக்கப்பட்டவர் இசையமைப்பாளர் இளையராஜா. பிறந்த ஊர் தேனி மாவட்டம் பண்ணைப்புரம். பி.டி.உஷாவும் அதே சமயத்தில் நியமிக்கப்பட்டவர்.

நியமன உறுப்பினர்கள் அவையில் பேசலாம், மசோதாவுக்கு ஓட்டுப் போடலாம், குடியரசு துணைத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டும் ஓட்டு கிடையாது. விரும்பினால் பதவியேற்ற 6 மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேரலாம், அதன் பிறகு சேர்ந்தால் பதவி பறிபோகும். தேனி மாவட்டத்தில் பிறந்தவர் என்பதால் இளையராஜா தேனியின் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். சட்டப்படி நியமன உறுப்பினர் எந்த மாநிலத்தின் பிரதிநிதியும் அல்ல.

ராஜ்யசபாவுக்கு என்ன அதிகாரம்?

பட்ஜெட் போன்ற பண மசோதாக்களில் ராஜ்யசபாவுக்குப் பெரிய அதிகாரம் கிடையாது. 14 நாளுக்குள் யோசனை சொல்லித் திருப்பி அனுப்பலாம். மக்களவை அதை ஏற்கவும் செய்யலாம், விட்டுவிடவும் செய்யலாம். அரசைக் கவிழ்க்கும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் இங்கே கொண்டுவர முடியாது.

சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போடலாம். 1961, 1978, 2002 ஆகிய மூன்று முறைதான் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அரசியலமைப்புத் திருத்தம் என்று வந்துவிட்டால் கூட்டுக் கூட்டம் கிடையாது. இரண்டு அவைகளும் தனித்தனியாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தர வேண்டும். இங்கேதான் ராஜ்யசபாவின் பலம் தெரியும்.

ஏலக்காய்க்கு இன்றைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. அந்த ஜி.எஸ்.டி.க்கான அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது 2015 மே மாதம். ராஜ்யசபாவில் அரசுக்குப் போதிய எண்ணிக்கை இல்லை. ஓராண்டுக்கு மேல் இழுபறி. கூடுதலாக 1 சதவீத வரி என்ற அம்சத்தை நீக்கிய பிறகுதான் 2016 ஆகஸ்ட் 3-ல் அங்கே நிறைவேறியது. மாநிலத்தின் வரி உரிமை பறிபோகிறது என்று சொல்லி அ.தி.மு.க. உறுப்பினர்கள் அன்றைக்கு வெளிநடப்பு செய்தார்கள்.

ராஜ்யசபாவுக்கு மட்டுமே உரிய அதிகாரங்களும் உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்றால், ராஜ்யசபா மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு தீர்மானம் போட வேண்டும். ஐ.ஏ.எஸ். மாதிரி புதிதாக ஒரு அகில இந்தியப் பணியை உருவாக்கவும் அதே வழிதான்.

தனி ஒரு உறுப்பினரும் நினைத்தால் செய்ய முடியும். திருநங்கை, திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் ராஜ்யசபாவில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஒரு அவையில் நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுதான் முதல் முறை. பிறகு அரசே தன் சார்பில் மசோதா கொண்டுவந்து 2019-ல் சட்டமானது.

ஏலக்காய் வாரியத்தில் ஒரு ராஜ்யசபா நாற்காலி

போடி மக்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள, அதிகம் பேசப்படாத ஒன்று இது. ஏலக்காய் ஏலம் நடப்பது போடியிலும், கேரளாவின் புத்தடியிலும். இந்த மின்னணு ஏலத்தை நடத்துவது மத்திய அரசின் நறுமணப் பொருட்கள் வாரியம், அதாவது ஸ்பைசஸ் போர்டு. முன்பு இருந்த ஏலக்காய் வாரியத்தை உள்ளடக்கி 1987-ல் உருவானது, தலைமையகம் கொச்சி.

1986-ம் ஆண்டு ஸ்பைசஸ் போர்டு சட்டப்படி அந்த வாரியத்தில் 3 எம்.பி.க்கள் இருக்க வேண்டும். 2 பேரை மக்களவை தேர்ந்தெடுக்கும், ஒருவரை ராஜ்யசபா தேர்ந்தெடுக்கும். அவர் தமிழ்நாட்டுக்காரராகவோ கேரளாக்காரராகவோ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் ஏலக்காய் விவசாயிக்கு வாரியத்துக்குள் பேச ஒரு எம்.பி. வழி இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தொகுதி நிதி: 18 பேரிடமும் கேட்கலாம்

ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம் என நிரந்தரமான வேலைகளுக்கு எம்.பி. பரிந்துரை செய்வார். மாவட்ட நிர்வாகம் செயல்படுத்தும். மொத்த நிதியில் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதமும், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதமும் என்பது வழிகாட்டு அளவு.

மக்களவை உறுப்பினரைப் பொறுத்தவரை இந்தப் பணம் அடிப்படையில் அவர் தொகுதிக்கானது. ராஜ்யசபா உறுப்பினர் தன்னைத் தேர்ந்தெடுத்த மாநிலத்தில் எந்த மாவட்டத்திலும் செலவு செய்யப் பரிந்துரைக்கலாம். நியமன உறுப்பினர் என்றால் நாட்டில் எங்கே வேண்டுமானாலும்.

இதை போடி மலைப்பகுதிக்குப் பொருத்திப் பாருங்கள். கொட்டகுடி, குரங்கணி, அகமலை பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்குக் குடிநீர்த் தொட்டி வேண்டும் என்றால், தேனி எம்.பி. ஒருவரிடம் மட்டும்தான் மனு கொடுக்க முடியும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டின் 18 ராஜ்யசபா உறுப்பினர்களில் யாரிடமும் கொடுக்கலாம். அவர் எந்த ஊர், எந்தக் கட்சி என்பது விதியில் தடையே இல்லை. வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும், அது பணத்தால் மட்டும் தீராது.

தினமும் விடிகாலை ஜீப்பில் மலையேறி இடுக்கி எஸ்டேட்டுகளில் ஏலக்காய் பறிக்கப் போகும் தொழிலாளர்கள் இதில் தனி ரகம். ஓட்டு போடியில், வேலை கேரளாவில். அவர்கள் வேலை செய்யும் பக்கத்துக்கு வழியோ கழிப்பறையோ தேவை என்றால் கேரளாவின் 9 ராஜ்யசபா உறுப்பினர்களும் பரிந்துரைக்கலாம். வீடு இருக்கும் பக்கத்துக்கு என்றால் தமிழ்நாட்டின் 18 பேர். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் பிரச்சினை என்றால், இரு தரப்பும் ஒரே அவையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எப்படி அணுகுவது?

- ராஜ்யசபா இணையதளத்தில் மாநில வாரியாக உறுப்பினர் பட்டியலும், அவர்களின் அதிகாரப்பூர்வ முகவரியும் இருக்கும்.
- மனுவில் என்ன வேலை, எந்த இடம், நிலம் யாருடையது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். அரசு அல்லது ஊராட்சி நிலமாக இருந்தால் வேலை சுலபம்.
- நிதி கேட்பது மட்டும் வழி அல்ல. அவையில் கேள்வி எழுப்பச் சொல்லலாம். உறுப்பினர் கேட்கும் கேள்விக்கு அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் பதிவாகவும் இருக்கும்.
- ராஜ்யசபாவில் மனுக்கள் குழு ஒன்று இருக்கிறது. பொதுநலன் சார்ந்த கோரிக்கைகளை அதற்கு அனுப்பலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

ராஜ்யசபா எம்.பி.க்குத் தொகுதி கிடையாது. அதனால் 'இது என் தொகுதி இல்லை' என்று போடிமெட்டைப் பார்த்து அவர் சொல்லவும் முடியாது. மாநிலத்தின் பிரதிநிதி என்றால், மாநிலத்தின் கடைசி செக்போஸ்ட் வரைக்கும்தான். ஆனால் ஓட்டுக் கேட்டு அவர் வளைவுகள் ஏறி வர வேண்டிய அவசியம் இல்லாததால், மக்களும் அவரைத் தேடுவதில்லை, பெயர் கூடப் பலருக்குத் தெரிவதில்லை. சட்டமன்றத் தேர்தலில் போடும் ஒரே ஓட்டு, சென்னைக்கு ஒருவரை அனுப்புவதோடு டெல்லியில் யார் உட்கார வேண்டும் என்பதிலும் ஒரு சின்னப் பங்கு வைத்திருக்கிறது. அந்தப் பங்குக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் அந்த ஓட்டுக்கு உண்டு.